அமெரிக்காவில் மெடிக்கல் ஆபீஸ் கட்டிடம் வாங்கப் போகிறீர்களா? வாடகை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

"டாக்டர் எங்கே போகப்போகிறார், வாடகை பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும்." மெடிக்கல் ஆபீஸ் கட்டிடத்தை விற்க வருகிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். பாதி உண்மை. மீதிப் பாதியை நாமேதான் தோண்டிப் பார்க்க வேண்டும், எங்கே தோண்டுவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அமெரிக்காவில் தனியாக ஒரு கட்டிடம் வாங்க நினைப்பவர், நாலு பேரோடு சேர்ந்து சிண்டிகேஷனில் பணம் போட நினைப்பவர், சொந்த கிளினிக்குக்கு இடம் தேடும் டாக்டர், மூன்று பேருக்குமே இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மெடிக்கல் ஆபீஸ் என்பது ஆஸ்பத்திரி இல்லை. நோயாளி வந்து பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்குப் போய்விடுகிற இடம்: கிளினிக், ஸ்கேன் சென்டர், லேப், பிசியோதெரபி, ஒரே நாளில் அனுப்பிவிடும் அறுவை சிகிச்சை மையம். இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் "ஹெல்த்கேர் ரியல் எஸ்டேட்" என்ற ஒரே பெயரில் இரண்டையும் சேர்த்து விற்கிறார்கள். 2024 மே மாதம் ஸ்டீவர்ட் ஹெல்த் கேர் திவால் மனு கொடுத்தபோது, அதன் ஆஸ்பத்திரிகளுக்கு வீட்டுக்காரராக இருந்த மெடிக்கல் பிராபர்ட்டீஸ் டிரஸ்ட் வாடகை பாக்கியோடு மாட்டிக்கொண்டது. ஒரு முழு ஆஸ்பத்திரிக் கட்டிடத்தை இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவது லேசான காரியமில்லை. பத்துப் பன்னிரண்டு கிளினிக் இருக்கும் ஒரு கட்டிடத்தில் ஒருவர் காலி செய்தால் அந்த அளவுக்கு ஆடிப்போக மாட்டோம்.

ஏன் இப்போது எல்லோரும் இதையே பேசுகிறார்கள்

மக்கள் தொகைக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1946 முதல் 1964 வரை பிறந்த பெரிய தலைமுறையில் கடைசி ஆளும் 2029இல் 65ஐத் தொட்டுவிடுவார். வயதானால் டாக்டரிடம் போவது கூடும். சரி.

அதைவிடப் பெரிய விஷயம், வைத்தியம் ஆஸ்பத்திரிக்கு உள்ளேயிருந்து வெளியே நகர்வது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 வரை மெடிக்கேர் (முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடு) அதற்குப் பணம் கொடுக்க வேண்டுமென்றால் நோயாளியை ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்த்தே ஆக வேண்டும். 2018இல் அப்படி உள்நோயாளியாகவே செய்ய வேண்டிய சிகிச்சைகளின் பட்டியலிலிருந்து அது எடுக்கப்பட்டது, 2020இல் தனி அறுவை சிகிச்சை மையங்களிலேயே செய்யலாம் என்றானது, இடுப்பு மாற்று சிகிச்சையும் 2020, 2021இல் அதே வழியில் வந்தது. இப்போது அந்த உள்நோயாளிப் பட்டியலையே படிப்படியாகக் கலைக்கும் முடிவும் வந்திருக்கிறது. ஒவ்வொரு சிகிச்சை வெளியே வரும்போதும் அதற்கு ஒரு அறை, ஒரு கட்டிடம் தேவைப்படுகிறது.

ஆனால் கட்டிடங்கள் அந்த வேகத்தில் எழவில்லை. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த ஃபெடரல் ரிசர்வ் வட்டி 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.50 சதவீதம் வரை போனது, 2024 செப்டம்பரில்தான் முதல் குறைப்பு. கட்டுமானச் செலவும் கூடவே ஏறியது. ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பாருங்கள்: நிலம், கட்டிடம், உள்வேலை எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 500 டாலர் ஆகிறது, போட்ட பணத்துக்கு 7.5 சதவீதமாவது வந்தால்தான் கட்டுவேன் என்கிறார் பில்டர், அப்படியானால் சதுர அடிக்கு வருடம் 37.50 டாலர் வாடகை வேண்டும். பக்கத்திலேயே இருபது வருடப் பழைய கட்டிடத்தில் 24 டாலருக்கு ஒரு கிளினிக் உட்கார்ந்திருக்கிறது. அவர் எதற்குப் புதுக் கட்டிடத்துக்கு மாறுவார்? அதனால்தான் இன்று புதிதாக எழும் கட்டிடங்களில் பல, ஏதாவது ஒரு பெரிய ஹெல்த் சிஸ்டம் (பல ஆஸ்பத்திரி, கிளினிக்குகளைச் சேர்த்து நடத்தும் அமைப்பு) முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட பிறகு ஆரம்பிப்பவை, நம்பிக்கையில் காலியாகக் கட்டிவிட்டு ஆள் தேடுகிறவர்கள் குறைவு. பழைய நல்ல கட்டிடம் வைத்திருப்பவருக்கு இது சாதகம். அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பில் 24ஐ 27 ஆக்கினாலும், வாடகைதாரருக்கு வெளியே கிடைக்கும் மாற்று இடம் 37 டாலர்தானே.

இந்தக் கட்டிடங்களை வாங்கி வாடகைக்கு விடும் பெரிய நிறுவனங்களின் நகர்வையும் கவனியுங்கள். 2022இல் ஹெல்த்கேர் ரியால்டியும் ஹெல்த்கேர் டிரஸ்ட் ஆஃப் அமெரிக்காவும் ஒன்றாயின, 2024 மார்ச்சில் ஹெல்த்பீக் நிறுவனமும் ஃபிசிஷியன்ஸ் ரியால்டியும் ஒன்றாயின. மறுபக்கம் 2025இல் வெல்டவர் தன் வெளிநோயாளிக் கட்டிடங்களில் பெரும்பகுதியை 700 கோடி டாலருக்கு மேல் பேசி விற்கத் தொடங்கி, முதியோர் இல்லங்கள் பக்கம் முழுமூச்சாகத் திரும்பியது. வெல்டவர் கட்டிடத்தை வெறுத்து விற்கவில்லை, அதற்கு வேறு இடத்தில் வளர்ச்சி வேகமாகத் தெரிந்தது, வாங்கியவருக்கு இதன் நிதானம் பிடித்தது, அவ்வளவுதான். இது வேகமாக வளரும் சொத்து இல்லை என்பதை நீங்களும் இங்கேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 2, 3 சதவீதம் வாடகை ஏறும். அதற்கு மேல் இரட்டை இலக்க லாபம் என்று எக்செல் காட்டினால் எங்கேயோ கடனோ கற்பனையோ சேர்த்திருக்கிறார்கள்.

முதல் வேலை: வாடகையின் பின்னால் யார் பணம்

இதைத்தான் பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. வாடகைச் செக்கில் டாக்டரின் கையெழுத்து இருக்கலாம், ஆனால் அந்தப் பணம் மெடிக்கேரிலிருந்தும், குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டிலிருந்தும் தனியார் இன்சூரன்ஸிலிருந்தும் வருகிறது. அவர்கள் விதியை மாற்றினால் உங்கள் கட்டிடத்தின் மதிப்பு மாறும், நீங்கள் ஒரு செங்கலைக்கூடத் தொடாமலேயே.

ஒரே ஸ்கேன், ஒரே டாக்டர், ஆனால் அந்த இடம் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவாகப் பதிவாகியிருந்தால் மெடிக்கேர் கூடுதலாகக் கொடுக்கும், சாதாரண கிளினிக்காக இருந்தால் குறைவாகக் கொடுக்கும். இந்த வித்தியாசத்துக்காகவே ஆஸ்பத்திரிகள் ஊரெல்லாம் கிளினிக்குகளை வாங்கித் தங்கள் பெயர்ப்பலகையை மாட்டின. 2015 நவம்பர் 2ஆம் தேதி ஒரு சட்டம் வந்து அதற்குக் கதவைச் சாத்தியது: ஆஸ்பத்திரியின் பிரதானக் கட்டிடங்களிலிருந்து 250 கஜத்துக்கு அப்பால், அந்தத் தேதிக்குப் பிறகு தொடங்கிய பிரிவுகளுக்கு ஆஸ்பத்திரி விகிதம் கிடையாது. இன்றைய நிலவரப்படி ஏறக்குறைய 40 சதவீதம்தான் கிடைக்கிறது. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த பழைய பிரிவுகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கு முகவரியோடு ஒட்டியது. அந்தப் பிரிவு வேறு இடத்துக்கு மாறினால், சில அசாதாரண காரணங்களைத் தவிர, விலக்கு போய்விடும்.

இதை ஒரு வீட்டுக்காரராக இருந்து யோசியுங்கள். விலக்கு பெற்ற ஒரு பிரிவு உங்கள் கட்டிடத்தில் வாடகைக்கு இருந்தால் அது கிளம்பவே யோசிக்கும், எதிரே புதுக் கட்டிடத்தில் வாடகை குறைவாகவே கிடைத்தாலும். இப்படி ஒரு பசை இருப்பதை விற்பவரின் புரோஷரில் பல நேரம் போடுவதே இல்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும். ஆனால் பசை காய்ந்துகொண்டும் வருகிறது. சாதாரண கிளினிக் விசிட்டுக்கான கூடுதல் தொகையை 2019, 2020இல் விலக்கு பெற்ற இடங்களுக்கும் வெட்டிவிட்டார்கள், 2026 விதிகளில் மருந்து ஏற்றும் சிகிச்சைகளுக்கும் அதையே நீட்டித்திருக்கிறார்கள். கேன்சர் மருந்து ஏற்றும் பிரிவு ஒன்று உங்கள் கட்டிடத்தின் முக்கிய வாடகைதாரர் என்றால், ஆஸ்பத்திரி வளாகத்துக்கு உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி வாடகை ஒப்பந்தத்தைவிட முந்தி வர வேண்டும்.

மெடிக்கெய்டு அதிகம் பார்க்கும் கிளினிக்குகள் விஷயத்தில் இன்னொரு கவனம் தேவை. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தில் மெடிக்கெய்டு பெறும் பலருக்கு வேலை சார்ந்த நிபந்தனை சேர்ந்திருக்கிறது, 2027 தொடக்கத்துக்குள் மாநிலங்கள் அதை அமல்படுத்த வேண்டும். காப்பீடு இழப்பவர்கள் கூடினால் முதலில் அடிவாங்குவது இந்தக் கிளினிக்குகள்தான். வாடகைதாரரிடம் கேளுங்கள்: வருமானத்தில் எத்தனை சதவீதம் மெடிக்கேர், எத்தனை மெடிக்கெய்டு, எத்தனை தனியார் இன்சூரன்ஸ். சொல்ல மறுப்பவர்கள் உண்டு, அந்த மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாடகைதாரர்: பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்

பெரிய பெயர் இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. வால்மார்ட் தன் 51 ஹெல்த் சென்டர்களையும் மூடப்போவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. வால்கிரீன்ஸ் முதலீடு செய்திருந்த வில்லேஜ்எம்டியும் அதே காலத்தில் ஏராளமான கிளினிக்குகளை மூடியது. பக்கத்து ஊரில் இருபது வருடமாக ஓடும் ஆறு எலும்பு டாக்டர்களின் குரூப், சொந்தமாக அறுவை சிகிச்சை மையத்தில் பங்கு வைத்திருப்பவர்கள், பல நேரம் இவர்களைவிட நல்ல வாடகைதாரர்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று பாருங்கள். கட்டிடத்தின் முகப்பில் ஒரு பெரிய ஹெல்த் சிஸ்டத்தின் லோகோ இருக்கும், ஒப்பந்தத்திலோ யாரும் கேள்விப்படாத ஒரு துணை நிறுவனத்தின் பெயர் இருக்கும், தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் இருக்காது. லோகோவா வாடகை கட்டும்?

இன்னொரு கண்ணி, விற்றுவிட்டு அங்கேயே வாடகைக்கு இருக்கும் முறை. பிரைவேட் ஈக்விட்டி (நிறுவனங்களை வாங்கி லாபத்துக்கு விற்கும் முதலீட்டாளர்கள்) கையில் இருக்கும் டாக்டர் குரூப்கள் கட்டிடத்தை விற்றுப் பணம் எடுக்கும்போது, வாடகையை வேண்டுமென்றே உயர்த்தி ஒப்பந்தம் போடுவார்கள். ஏன் என்றால் விலை வாடகையை வைத்துத்தான் முடிவாகிறது. செலவு போக வருடம் 6 லட்சம் டாலர் வருமானம், 6 சதவீத கேப் ரேட் (விலையில் வருட நிகர வருமானம் எத்தனை சதவீதம் என்பது) என்றால் விலை 1 கோடி டாலர். அதே இடத்தின் சந்தை வாடகை உண்மையில் 4.5 லட்சம்தான் என்றால் அதன் நியாயமான விலை 75 லட்சம். 25 லட்சம் டாலரை நீங்கள் கட்டிடத்துக்குக் கொடுக்கவில்லை, அந்தக் குரூப்புக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறீர்கள், அடமானம் எதுவும் இல்லாமல். பக்கத்துக் கட்டிடங்களின் வாடகையை நீங்களே விசாரித்து ஒப்பிடாமல் இந்த மாதிரி டீலில் இறங்காதீர்கள்.

கட்டிடத்தை நேரில் பார்க்கும்போது

வேலைநாளில் காலை பத்து மணிக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போய் ஒரு பிரயோசனமும் இல்லை. கார் நிறுத்தத்தில் இருந்து தொடங்குங்கள். மெடிக்கல் கட்டிடத்துக்கு 1,000 சதுர அடிக்கு 4 முதல் 5 கார் இடமாவது வேண்டும், சாதாரண ஆபீஸைவிட அதிகம், ஏனென்றால் நோயாளிகள் நாள் முழுக்க வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். வாக்கர் வைத்து நடக்கும் ஒரு பாட்டி காரிலிருந்து கதவு வரை வர எவ்வளவு தூரம், எத்தனை படி என்று நடந்தே பாருங்கள்.

உள்ளே லாபியில் பெயர்ப்பலகை. எந்த வரிகள் காலி, எந்தப் பெயர் புது எழுத்தில் இருக்கிறது, வாடகைப் பட்டியலில் இருக்கும் பெயர் இங்கே இருக்கிறதா. லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் போகுமா என்று பாருங்கள், 24க்கு 84 அங்குலம் படுக்கை நிலையில் உள்ளே போக வேண்டும். கிளினிக்கின் ஒவ்வொரு பரிசோதனை அறையிலும் ஒரு கை கழுவும் தொட்டி இருக்கும், அதாவது தரைக்குக் கீழே சாதாரண ஆபீஸில் இல்லாத அளவு குழாய் ஓடுகிறது. இதுதான் வாடகைதாரரைக் கட்டிப்போடும் சங்கிலி. 8,000 சதுர அடி இடத்துக்கு உள்வேலை சதுர அடிக்கு 150 டாலர் என்று வைத்தால் 12 லட்சம் டாலர். அதைச் செய்து முடித்தவர் அடுத்த தெருவுக்கு லேசில் போக மாட்டார்.

எம்.ஆர்.ஐ. இருந்தால் இன்னும் இறுக்கம்: பல டன் எடையைத் தாங்கும் தளம், சுற்றிலும் செம்புக் கவசம், ஹீலியம் வெளியேற ஒரு குழாய். கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்துக்குப் பல அடி தடிமன் உள்ள கான்கிரீட் சுவர்கள் வேண்டும். இது கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். அவர் போவது கஷ்டம், ஆனால் போய்விட்டால் அந்த அறையை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது, இடிக்கும் செலவும் உங்கள் தலையில். எனவே ஒப்பந்தம் முடியும்போது இயந்திரத்தையும் கவசத்தையும் யார் அகற்ற வேண்டும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

அறுவை சிகிச்சை மையம் இருக்கும் இடம் தனி ரகம். மற்ற வாடகைதாரர்களிடமிருந்து ஒரு மணி நேரம் தீ தாங்கும் சுவரால் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும், மின்சாரம் போனால் அவசர ஜெனரேட்டர் வேண்டும், அறுவை அறையில் காற்று மணிக்கு 20 முறை மாற வேண்டும். காலியான ஆபீஸ் கட்டிடத்தை மலிவாக வாங்கி மெடிக்கலாக மாற்றலாம் என்று இப்போது நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். கிளினிக்காக மாற்றுவது பல இடங்களில் நடக்கும். அறுவை மையமாக மாற்றுவதில்தான் மாட்டுவார்கள், ஏனென்றால் தளத்துக்குத் தளம் உயரம் போதாது, அத்தனை பெரிய காற்றுக் குழாய்களை எங்கே ஓட்டுவது? ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியரைக் கூட்டிப்போய் உத்தரத்துக்குக் கீழே மிஞ்சும் இடத்தை அளக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மாநில அனுமதியும் உண்டு. சில மாநிலங்களில் அறுவை மையம், ஸ்கேன் இயந்திரம் எல்லாவற்றுக்கும் "தேவை இருக்கிறது" என்று அரசிடம் சான்று வாங்க வேண்டும். டெக்சாஸ், கலிபோர்னியாவில் அது கிடையாது, சவுத் கரோலினா 2023இல் பெரும்பாலும் ரத்து செய்துவிட்டது. சான்று தேவைப்படும் மாநிலத்தில் ஏற்கெனவே அனுமதி பெற்ற மையம் உங்கள் வாடகைதாரர் என்றால் அவருக்குப் போட்டி வருவது கஷ்டம், அது உங்களுக்கும் நல்லது. அந்த மாநிலத்தில் சட்டத்தை ரத்து செய்யும் மசோதா ஓடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் படிக்க வேண்டிய வரிகள்

வரி, இன்சூரன்ஸ், பராமரிப்பு யார் தலையில்? மூன்றும் வாடகைதாரரே கட்டும் டிரிபிள் நெட் ஒப்பந்தம் என்று சொல்வார்கள், ஆனால் கூரையும் ஏ.சி. இயந்திரமும் யாருடையது என்று தனியாகப் பார்க்க வேண்டும். கூரை மேல் ஏறி ஏ.சி. பெட்டிகளின் தயாரிப்புத் தேதியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன் ஒவ்வொரு வாடகைதாரரிடமும் எஸ்டாப்பல் சான்று வாங்குவது கட்டாயம்: வாடகை இவ்வளவு, டெபாசிட் இவ்வளவு, வீட்டுக்காரர் எனக்குப் பாக்கி எதுவும் இல்லை என்று அவரே கையெழுத்துப் போட்டுத் தருவது.

ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இருக்கும் கட்டிடங்களில் பெரும்பாலும் நிலம் ஆஸ்பத்திரியுடையது, உங்களுக்கு நீண்ட காலக் குத்தகைதான். அந்தக் குத்தகைப் பத்திரத்தை முழுக்கப் படியுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போட்டியாக ஸ்கேன் சென்டரோ அறுவை மையமோ வைக்கக் கூடாது, அந்த ஆஸ்பத்திரியோடு தொடர்புள்ள டாக்டருக்கு மட்டுமே கொடுக்கலாம், விற்பதானால் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். குத்தகையில் மீதம் 25 வருடம்தான் என்றால் பேங்க் முகம் சுளிக்கும், அடுத்து வாங்குகிறவரும் சுளிப்பார்.

வாடகைதாரர் உங்கள் ஆஸ்பத்திரிக்கோ உங்கள் லேபுக்கோ நோயாளி அனுப்புகிற டாக்டர் என்றால், பணத் தொடர்புள்ள இடத்துக்கு டாக்டர்கள் நோயாளி அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் ஸ்டார்க் சட்டம் குறுக்கே வரும். எழுத்தில் ஒப்பந்தம், குறைந்தது ஒரு வருடக் காலம், சந்தை வாடகை, அனுப்பும் நோயாளி எண்ணிக்கைக்கும் வாடகைக்கும் சம்பந்தமே கூடாது. "ஃபிரெண்டுதானே, கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்" என்ற நல்ல மனசு இங்கே சட்டமீறலாகிவிடும். சுயேச்சையான மதிப்பீட்டாளரின் வாடகை மதிப்பீட்டை ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள், கூடவே இந்தத் துறை தெரிந்த வக்கீல்.

எந்த வழியில் உள்ளே போவது

டாக்டர் தன் கிளினிக்குக்கே வாங்குவதானால் எஸ்.பி.ஏ. 504 கடனை (சிறுதொழில்களுக்கான அரசு ஆதரவுக் கடன்) பாருங்கள், பொதுவாக 10 சதவீதம் கைப்பணம் போதும். பழைய கட்டிடம் என்றால் 51 சதவீத இடத்தையாவது நீங்களே பயன்படுத்த வேண்டும், புதிதாகக் கட்டுவதானால் 60. சிறிய தொகை என்றால் ரீட் (கட்டிடங்களை வைத்து வாடகை ஈட்டும் நிறுவனம்) பங்குகள் வாங்கலாம், வரிக்குரிய வருமானத்தில் 90 சதவீதத்தைப் பங்குதாரருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆனால் வட்டி விகிதம் தும்மினால் ரீட் விலைக்கு ஜலதோஷம் பிடிக்கும்.

சிண்டிகேஷன் என்றால் பல டீல்களில் வருடம் 2 லட்சம் டாலர் வருமானமோ, குடியிருக்கும் வீடு நீங்கலாக 10 லட்சம் டாலர் சொத்தோ இருப்பவரைத்தான் சேர்ப்பார்கள். வாங்கும்போது ஒரு கட்டணம், நடத்த ஒரு கட்டணம், விற்கும்போது ஒரு கட்டணம் என்று மூன்று இடத்தில் கழிப்பார்கள், மூன்றையும் கூட்டிப் பாருங்கள். நடத்துகிறவர் தன் சொந்தப் பணம் எவ்வளவு போட்டிருக்கிறார் என்பதையும் கேளுங்கள், அவருக்குத் தர வேண்டிய கட்டணத்தையே முதலீடாகக் காட்டுவது உண்டு.

வரியில் சாதகம் உண்டு. கட்டிடம் 39 வருடத் தேய்மானம், ஆனால் உள்ளே இருக்கும் பல பொருட்களைப் பிரித்து 5, 7, 15 வருடக் கணக்கில் கொண்டுவரலாம். 2025 ஜனவரி 19க்குப் பிறகு வாங்கிய சொத்தில் அந்தக் குறுகிய காலப் பொருட்களை முதல் வருடமே முழுக்கக் கழிக்கலாம். சம்பள வருமானத்தில் இந்தக் கழிவைச் சேர்க்க முடியுமா என்பது வேறு கதை, பெரும்பாலானவர்களுக்கு முடியாது, உங்கள் சி.பி.ஏ.விடம் (கணக்காளரிடம்) கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கடைசியாக, கடன் முடியும் வருடத்தையும் ஒப்பந்தங்கள் முடியும் வருடங்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 2030இல் கடனைப் புதுப்பிக்க வேண்டும், பெரிய வாடகைதாரரின் ஒப்பந்தமும் 2030 என்றால், பேங்க் உங்களிடம் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. வாங்கும் நேரத்திலேயே வாடகைதாரரிடம் பேசி, கொஞ்சம் உள்வேலைப் பணம் கொடுத்தாவது 2034, 2035 வரை நீட்டிக்க வையுங்கள், அவர் மறுத்தால் அந்தக் கடனை வேண்டாம் என்று சொல்லி ஏழு வருடக் கடன் தேடுங்கள், வட்டி கால் சதவீதம் கூடினாலும் பரவாயில்லை.